நீலப் பசையும் பத்து ஞாயிறுகளும்

மக்கா,

சனிக்கிழமை நீ ஒர்க்‌ஷாப்புக்கு வந்து உன் ரிமோட் டிரக்கின் பெட்டியைத் திறக்கும்போது, சக்கரங்களுக்கு மேலே இந்தக் கடிதம் இருக்கும். அந்த நேரம் நான் இங்கே இருக்க மாட்டேன். தனுவச்சபுரம் ரோட்டில் ஒரு டிப்பர் அச்சு முறிந்து நிற்கிறது, அதைப் பார்க்கப் போகிறேன் என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படி ஒரு டிப்பரும் இல்லை. நீ இதைப் படிக்கும்போது உன் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை, அவ்வளவுதான். நேரில் சொல்ல மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் ஸ்பேனரை எங்கே வைத்தாய் என்று உன்னிடம் சத்தம் போட்டதில் போய் முடிந்தது. என் வாய்க்குக் கோபப்படத் தெரியும், மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லை. அதனால் உன் அம்மா பாட்டு எழுதி வைக்கிற நோட்டில் நாலு தாளைக் கிழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

செவ்வாய்க்கிழமை நீ மஸ்கட்டுக்கு விமானம் ஏறுகிறாய். சபையில் ஜெபம் பண்ணியாயிற்று. சொந்தக்காரர்கள் வீட்டிலெல்லாம் விருந்து சாப்பிட்டாயிற்று. ஒரே ஒரு வீட்டுக்குத்தான் நீ போகவில்லை, கள்ளிக்காட்டில் இருக்கிற உன் மாமனார் வீட்டுக்கு. "போன்ல சொன்னா போதும்" என்று ஷைனியிடம் சொன்னாயாம். உன் மனைவி அதை உன் அம்மாவிடம் சொல்லி அழுததை அடுக்களைக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டரை மாதமாக நீ அந்த மனிதரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குக் காரணம் அவர் இல்லை, நான். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு எழுந்து போகலாம். ஆனால் முதலில் இருந்து சொல்லாவிட்டால் நான் ஏதோ தெரியாமல் ஒரு தப்புச் செய்தவன் மாதிரி ஆகிவிடும். நான் அவ்வளவு நல்லவன் இல்லை.

உனக்கு ஏழு வயது இருக்கும். சபைப் பண்டிகைக் கடையில் சிவப்பு நிறத்தில் ஒரு ரிமோட் காரைப் பார்த்துவிட்டு நீ நகரவே மாட்டேன் என்று நின்றாய். வாங்கித் தந்தேன். மறுநாளே அதை முற்றத்து மண்ணில் ஓட்டி, அதன் கியர் பல்லை உடைத்து என்னிடம் கொண்டு வந்தாய். பாறைக் குவாரியில் ஓடுகிற லாரியை எல்லாம் சரி பண்ணுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று திறந்தேன். உள்ளே முடி மாதிரி நாலு வயர், நகம் அளவில் ஒரு மோட்டார். என் விரல் உள்ளே போகவில்லை. அரைமணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, "சவம், இது வண்டியே இல்லலே, ஏமாத்து வேலையாக்கும்" என்று சொல்லிப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தேன். நீ அழவில்லை. போய் அதை எடுத்து டவுசர் பைக்குள் வைத்துக்கொண்டாய். எனக்குத் தெரியாததை மட்டமாகப் பேசி விடுவது என் பழைய பழக்கம். அன்றைக்கு உன்னிடம் "எனக்கு இது தெரியாது மக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நீயும் ஒரு அப்பாவாகப் போகிறவன், அதனால் சொல்கிறேன், பிள்ளை கொண்டு வருகிற பொருள் உனக்குப் புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லிவிடு.

அதே தப்பை இருபது வருஷம் கழித்து இன்னொரு முறை செய்தேன். கல்யாணமான புதிதில் நீ இந்த டிரக்கை வாங்கிக்கொண்டு வந்து என் பெஞ்சில் வைத்தாய். முழங்கை நீளம், பெரிய சக்கரம், நாலு சக்கரத்துக்கும் இழுவை. "அப்பா, இத பாறையில ஏறுற மாதிரி மாத்தணும், கொஞ்சம் பாக்குதியளா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "இதுல ஒரு கோழிய ஏத்த முடியுமாலே?" என்றேன். பக்கத்தில் நின்ற இரண்டு டிரைவர்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அடுத்த ஞாயிறு அதைத் தூக்கிக்கொண்டு கள்ளிக்காட்டுக்குப் போனாய்.

அங்கே உன் மாமனார் உனக்காகவே செய்துவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்த மனிதர். மெல்லிய விரல், மூக்கு நுனியில் கண்ணாடி, சத்தமே இல்லாத பேச்சு. நான் அவரைச் சம்பந்தி என்று சொன்னதே கிடையாது, டிவிக்காரன் என்றுதான் சொல்வேன். நீ ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஷைனியோடு பஸ் ஏறி அங்கே போவாய். திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் இங்கே எட்டிப் பார்த்து ஒரே புகழ்ச்சி. மாமா சக்கரத்துக்குள்ளே பித்தளை வளையம் வைத்து அடிப்பாரத்தைக் கூட்டினார், இனிமேல் சரிவில் கவிழாது. மாமா டயருக்குள்ளே குளிக்கிற ஸ்பாஞ்சை வெட்டி வைத்தார், கல்லைக் கவ்விப் பிடிக்கிறது. மாமா ரிமோட்டின் சிக்னலை வாங்குகிற ரிசீவரைப் பலூனுக்குள் போட்டுக் கட்டினார், தண்ணீர் இறங்காது. மாமா இரண்டு கியருக்கு நடுவே ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து இடைவெளி பார்க்கிறார். காகிதம்! நான் கியரின் சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவேன், அது உனக்குத் தெரியும். தெரிந்தும் என் முன்னால் நின்று அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசினாய்.

எனக்குப் பொறாமை மக்கா. வேறு பேர் வைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. உன்னை வளர்த்தவன் நான், ஸ்பேனர் பிடிக்கக் கற்றுத்தந்தவன் நான், உன் கையில் கிரீஸ் வாசம் வந்தது என்னால். அதை எல்லாம் எங்கிருந்தோ வந்த ஒரு ஆள் ஒரு துண்டுக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டு போய்விட்டார் என்று தோன்றியது. ஞாயிறு உன்னை இங்கே பிடித்து வைக்க நான் என்னென்னவோ செய்தேன். பொழியூருக்கு ஆள் அனுப்பிக் கணவாய் மீன் வாங்கி வரச் சொன்னேன், நீ விரும்பித் தின்பாய் என்று. நீ வந்தாய், தின்றாய், மீதியைத் தூக்குப் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு மாமாவுக்குக் கொடுக்கக் கிளம்பினாய். உன் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்தாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ரிமோட் டிரக்குகளைப் பாறையில் ஏற்றும் போட்டிக்கு முந்தின நாள், சனிக்கிழமை, உன் அம்மாவின் பிறந்தநாள். நீயும் ஷைனியும் வந்திருந்தீர்கள், டிரக்கும் வந்திருந்தது. மத்தியானம் சோறு தின்றுவிட்டு நீ தூங்கினாய். நான் டிரக்கை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் போனேன், ஒளிக்க என்ன இருக்கிறது? ஒரு மணி நேரம் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. வேலை அவ்வளவு சுத்தம். கடைசியில் முன் அச்சில் ஒரு திருகைக் கழற்றினேன். மரை காய்ந்து கிடந்தது. நீலப் பசை இல்லை! அதிர்வில் போல்ட் கழன்று போகாமல் இருக்க மரையில் ஒரு சொட்டு விடுவோமே, அந்தப் பசை. அது இல்லாமல் குவாரிக்கு ஒரு வண்டியை அனுப்பினால் திரும்பி வரும்போது பாதி போல்ட் ரோட்டில்தான் கிடக்கும். என் கையில் பயின்ற யாரும் அதை மறக்க மாட்டார்கள். டிவிக்காரனுக்கு இது எங்கே தெரியும் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். இருக்கிற திருகை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பசை விட்டு முறுக்கினேன். ஒரு சொட்டுப் போதும், நான் மூன்று விட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. டிரக் ஜெயித்து வரட்டும், எல்லாரும் டிவிக்காரனைப் பாராட்டட்டும், அந்த நேரம் பார்த்து, "திருகு ஒண்ணு கூட கழரேல, ஏன்னு தெரியுமா?" என்று நான் எழுந்திரிக்க வேண்டும். அதுதான் என் திட்டம்.

நான் மறந்து போனது, அந்த அச்சு இரும்பு இல்லை, பிளாஸ்டிக் என்பதை. நாற்பது வருஷமாக இரும்பில் இரும்பைப் பூட்டின கைக்கு அது உறைக்கவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் நானும் உன்னோடு வந்தேன். அப்பா முதல் முறையாக வருகிறார் என்று நீ சந்தோஷப்பட்டாய். கள்ளிக்காட்டு அணைக்கட்டில் தண்ணீர் இறங்கிப் பாறையெல்லாம் வெளியே தெரிந்தது, உன் மாமனார் நமக்கு முன்னே வந்து நின்றார். பையன்கள் கல்லுக்குக் கல் இரண்டிரண்டு குச்சி நட்டு வழி அடையாளம் வைத்திருந்தார்கள். உன் டிரக் முதல் குச்சியைத் தாண்டியது, இரண்டாவதைத் தாண்டியது. பல்லி மாதிரி ஏறுகிறது என்று யாரோ சொன்னார்கள். மூன்றாவதில் முன் சக்கரம் ஒரு பிளவில் மாட்டியது. நீ ரிமோட்டில் ஒரு அழுத்து அழுத்தினாய். முறிகிற சத்தம் நான் நின்ற இடம் வரை கேட்டது. சக்கரம் தனியாக ஒரு பக்கம் ஓட, டிரக் உருண்டு உருண்டு போய்த் தண்ணீரில் விழுந்தது.

முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நீ அதைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அச்சில் திருகு இருந்த இடம் நட்சத்திரமாக வெடித்திருந்தது. அதைப் பார்த்ததும் நீ உன் மாமனாரைப் பார்த்து அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டாய். "மாமா, பிளாஸ்டிக்ல அதிகம் முறுக்காண்டாம்னு நான் சொன்னேனா இல்லியா? கண்ணு தெரியேலன்னா விட்டிருக்கணும்!" அந்தச் சத்தம் என் சத்தம் மக்கா. என் தொண்டையில் இருந்து எடுத்த மாதிரி இருந்தது. அவர் அந்த உடைந்த துண்டை வாங்கி, கண்ணாடியை மேலே தள்ளிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சாரமில்ல மோனே, போவட்டு. என் கையாக்கும். முறுக்கினது கூடிப்போச்சு" என்றார். அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று சொல்லியாக வேண்டும். இனித்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க பாத்திருந்தா இப்பிடி ஆயிருக்காதுப்பா" என்றாய். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், சிரிப்பை மறைக்க.

அதற்கு அடுத்த ஞாயிறு நீ கள்ளிக்காட்டுக்குப் போகவில்லை. டிரக்கைக் கொண்டு வந்து என் பெஞ்சில் வைத்தாய். இந்த முறை நான் கோழியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பத்து ஞாயிறுகள், எண்ணி வைத்திருக்கிறேன். தண்ணீர் புகுந்த மோட்டாரைக் காய வைத்தோம். சக்கரத்தைத் திருப்புகிற சின்ன மோட்டாருக்கு இரும்புப் பல் போட்டோம். ஷாக் அப்சார்பருக்குக் கெட்டியான எண்ணெய் மாற்றினோம். எல்லாவற்றையும் இரும்பாக்கு என்று நான் பிடிவாதம் பிடிக்க, கடைசியில் டிரக் நம் ஜல்லிக் குவியலில்கூட ஏற மாட்டாமல் பின்னால் சரிந்தது. "அப்பா, இதுக்கு டிப்பர் லைசென்ஸ் எடுக்கணும்" என்று சொல்லி நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பாதியைத் திரும்பப் பிளாஸ்டிக்காக்கினோம். என் கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வாங்கித் தந்தாய். சபையின் சாயங்காலக் கூட்டத்துக்கு இரண்டு பேரும் வரவில்லை என்று உன் அம்மா திட்டினாள். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல ஞாயிறுகள் இருந்ததில்லை.

மூன்றாவது ஞாயிறு முடிந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. புதிய அச்சுக்கு நீ ஒரு உபரியும் வாங்கி வைத்திருந்தாய். திங்கட்கிழமை பழக்கதோஷத்தில் அந்த உபரியில் ஒரு திருகு போட்டு நீலப் பசை விட்டேன். செவ்வாய் காலையில் எடுத்துப் பார்த்தால், திருகைச் சுற்றி அதே நட்சத்திரம். யாரும் தொடவில்லை, எந்தக் கல்லிலும் இடிக்கவில்லை. பசை பிளாஸ்டிக்கைத் தின்றிருந்தது. அதைக் கிரீஸ் துணியில் சுற்றி என் கருவிப் பெட்டி அடியில் ஒளித்து வைத்தேன். உபரி எங்கே என்று நீ கேட்டபோது எலி கொண்டு போயிருக்கும் என்றேன். முதல் மூன்று ஞாயிறுகள் தெரியாமல் கிடைத்தவை. மீதி ஏழும் தெரிந்தே நான் திருடியவை. சொன்னால் நீ மறுபடியும் அங்கே போய்விடுவாய் என்ற ஒரே பயம்.

ஷைனி அழுதது போன செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை நான் பஸ் ஏறினேன். உடைந்த உபரியைத் துணியோடு எடுத்துக்கொண்டேன். உன் மாமனார் முன்னறையில் யாருடைய மிக்சியையோ திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. துண்டை மேஜையில் வைத்து, "இது நானாக்கும். பசை போட்டது நானாக்கும். உங்களுக்க கை இல்ல" என்று சொன்னேன். குரல் சண்டை போடுகிற மாதிரிதான் வந்தது.

அவர் அதைத் தொடக்கூட இல்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து, அன்றைக்குச் சட்டைப் பையில் போட்ட துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே நட்சத்திரம். "எனக்குத் தெரியும்" என்றார். "அன்னைக்கே பசைக்க மணம் வந்துது. மரையில நீலமும் உண்டு. என் வீட்டுல அந்தப் பச இல்ல."

"பின்ன என்னத்துக்கு சொல்லேல?" என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லணும்னுதான் இருந்தேன். அடுத்த ஞாயிறு அவென் வரேல. அப்பாவுக்க ஒர்க்‌ஷாப்புல ரெண்டு பேரும் வண்டி பணி செய்யுதாங்கன்னு மோள் சொன்னா. அப்பம் செரி, அது நடக்கட்டேன்னு விட்டேன். இஞ்ச வந்தாலும் அவனுக்கு உங்களுக்க பேச்சாக்கும். அப்பா காத வச்சே கியர் பாப்பாங்க, அப்பா தொட்டா எஞ்சின் கள்ளம் சொல்லாது. நான் காகிதத்த வச்சுப் பாத்தா, அப்பாவுக்கு இது வேண்டாம்னு சொல்லுவான். கேட்டுக் கேட்டு எனக்கே கொஞ்சம் அசூயை உண்டாயிருந்து." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவருக்கும் பொறாமை இருந்திருக்கிறது மக்கா, என் மேல். என் பொறாமையை வைத்துக்கொண்டு நான் செய்தது உனக்கு இப்போது தெரியும். அவர் செய்தது, பத்து ஞாயிறை எனக்கு விட்டுத்தந்தது. உன்னிடம் திட்டு வாங்கி, மகள் தனியாக வந்து போவதைப் பார்த்து, பேசாமல் இருந்தார். நான் திருடினேன் என்று நினைத்தது எல்லாம் அந்த மனிதர் கொடுத்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது வெட்கமாக இருந்தது. நம் ஊர் பாறசாலை வந்து சேருவதற்குள் அவர் அவ்வளவு நல்லவராக இருப்பதன் மேலும் எனக்குப் பொறாமை வந்துவிட்டது. இந்த வயதில் இதை முழுசாகக் கழற்றி எறிய முடியும் என்று தோன்றவில்லை. உனக்கும் என் ரத்தம்தான். வருகிறபோது அதன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடு, ஒளித்து வைக்காதே, அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஷைனியைக் கூட்டிக்கொண்டு கள்ளிக்காட்டுக்குப் போ. அத்தனை பேர் முன்னால் திட்டினாய், அதனால் வீட்டில் எல்லாரும் இருக்கும்போதே மன்னிப்புக் கேள். என்னை மாதிரிக் கடிதம் எழுதாதே, நேரில் சொல். உடைந்த இரண்டு துண்டும் அவருடைய இழுப்பறையில்தான் இருக்கின்றன, காட்டச் சொல்லிப் பார். டிரக்கை மஸ்கட்டுக்குக் கொண்டு போக வேண்டாம். அங்கே மணல்தான், இதைப் பாறைக்காகச் செய்திருக்கிறோம். அவரிடமே விட்டுவிட்டுப் போ. முன் அச்சின் திருகுகளை நான் நேற்றுப் பார்த்துவிட்டேன், பசை ஒரு சொட்டுக்கூட இல்லை. கியர் இடைவெளியையும் பார்த்தேன். காகிதம் வைத்துத்தான் பார்த்தேன், இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.

ஆனால் பெட்டியில் ரிமோட்டைத் தேடாதே, அதை நான் எடுத்துக்கொண்டேன். டிரக் அங்கே இருக்கட்டும். ஓட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றினால், ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடச் சொல்.

அப்பா